போட்டதும் அணைகிறதா? வினாடியை எண்ணுங்கள்

ஆயுத பூஜை முடிந்தது. வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கிறது. இந்த இடைப்பட்ட நாட்களில்தான் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் ஒரே மாதிரிப் புகார் கிளம்பும்: “கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டா உள்ளே ஃபேன் சுத்துது, உடனே ஆஃப் ஆயிடுது.” எவ்வளவு உடனே என்று கேட்டால் பதில் வராது. சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது அந்தக் கணக்குதான். மொபைலில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, பட்டனை அழுத்தியதிலிருந்து அணையும் வரை எத்தனை வினாடி என்று மூன்று முறை பார்த்து எழுதி வையுங்கள்.

மூன்று முறையும் 4 வினாடியை ஒட்டியே வந்தால் சந்தோஷப்படலாம். பவர் பட்டனை 4 வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் டெஸ்க்டாப் தானே அணைந்துவிடும். அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பட்டன் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டால், விரலை எடுத்த பிறகும் நீங்கள் அழுத்திக்கொண்டே இருப்பதாகத்தான் மதர்போர்டு நினைக்கும். பூஜையன்று சந்தனம் வைக்கக் கைக்கு வாகான இடம் எது? அந்தப் பட்டன்தான். சந்தனம் விளிம்பு வழியாக இறங்கிக் காய்ந்தால் சிமென்ட் பூசியது போலப் பிடித்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈரம் பிழிந்த துணியாலும் பல்குச்சியாலும் சுற்றிச் சுரண்டி எடுங்கள். பட்டன் ‘டிக்’ என்று திரும்பி வர வேண்டும். பொட்டு வைப்பதில் தப்பில்லை, அடுத்த வருஷம் பக்கவாட்டுத் தகட்டில் வையுங்கள்.

துடைத்தும் சரியாகவில்லையா? பிளக்கைப் பிடுங்கிய நிலையிலேயே கேபினெட்டைத் திறந்து, மதர்போர்டின் ஓரத்தில் பவர் சுவிட்ச் ஒயர் செருகியிருக்கும் இரண்டு பின்களைப் பாருங்கள். அந்த ஒயரை உருவிவிட்டு ரீசெட் பட்டனின் ஒயரை அங்கே செருகுங்கள். இனி பிளக்கை மாட்டி ரீசெட்டை அழுத்தினால் கம்ப்யூட்டர் ஓடும். அணையாமல் ஓடினால் குற்றவாளி பழைய பட்டன்தான். செலவு பூஜ்யம்.

ஒரு வினாடிகூட ஆகாமல், ஃபேன் ஒரு துடிப்புத் துடித்து நின்றால் விஷயம் வேறு. எங்கோ ஷார்ட் ஆகிறது; பவர் சப்ளை டப்பாவான எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தை வெட்டுகிறது. பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் இருப்பவர்கள் முதலில் முன்பக்க யு.எஸ்.பி. துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக் காற்றில் உள்ளே பச்சையாகப் பூத்திருக்கும். தகடு வளைந்து ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும். பென் டிரைவ், பிரின்டர் ஒயர், கிராஃபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் போட்டுப் பாருங்கள். கழற்றுவதும் மாட்டுவதும் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். எல்லாம் போய் மதர்போர்டும் ஒரு ராமும் மட்டும் மிஞ்சிய பிறகும் துடித்து நின்றால், எஸ்.எம்.பி.எஸ். அல்லது மதர்போர்டு. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் கதகதப்பு தேடி நுழைந்த பல்லி கருகிக் கிடப்பதும் உண்டு. அதற்காக அந்த டப்பாவைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே போய்ச் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாகக் கெப்பாசிட்டரில் தங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். வேறொன்றை மாட்டிச் சோதிப்பதே புத்திசாலித்தனம்.

முதல் முறை 40 வினாடி, உடனே மறுபடி போட்டால் 15, அடுத்து 5 என்று குறைந்துகொண்டே வந்தால் அது சூடு. ஆறவிட்டுப் போட்டால் மறுபடி 40 வரும். தி.நகர் துணிக்கடைகளின் பில்லிங் கம்ப்யூட்டர்களுக்கு இது தீபாவளி வியாதி. கல்லாவுக்குக் கீழே தரையோடு தரையாக வைத்திருப்பார்கள். நூல் பிசிறும் தூசியும் பிராசஸர் மேல் உள்ள ஹீட்சிங்க் இடுக்குகளில் படிந்து, பிரித்தால் தலையணைப் பஞ்சு போலத் திரளாக உரிந்து வரும். பெயின்ட் பிரஷ் போதும். பஞ்சர் கடைக் காற்றில் தண்ணீர் கலந்து வரும், மழைக்காலத்தில் அது வேண்டவே வேண்டாம். அடுத்து ஹீட்சிங்க்கின் நான்கு கால்களையும் ஆட்டிப் பாருங்கள். இடம் மாற்றித் தூக்கியபோது ஒரு கால் கழன்றிருந்தால்கூடப் பிராசஸர் நிமிஷத்தில் கொதித்துவிடும். எடுத்து மாட்டினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பட்டாணி அளவு வையுங்கள். அதிகம் வைத்தால் அதிகம் குளிராது.

அணைவதும் தானே எழுவதுமாக மாறி மாறி வந்தால் ராமைக் கழற்றி, தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, தூளை ஊதிவிட்டு அழுத்தி மாட்டுங்கள். விண்டோஸ் வரும் நேரத்தில் அணைந்தால் யு.பி.எஸ்.ஸைத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள்; அந்த 12 வோல்ட் பேட்டரிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருஷம்தான்.

மழை பிடித்த பிறகு, பயன்படுத்தாத கம்ப்யூட்டரையும் தினம் அரைமணி ஓடவிடுங்கள், ஈரம் தங்காது. இடி இடித்தால் பிளக்கையும் பிராட்பேண்ட் ஒயரையும் பிடுங்குங்கள். கேபினெட்டை இன்றே தரையிலிருந்து மேஜைக்கு ஏற்றுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீட்டுக்குள் வந்தபோது யாருக்கும் தூக்கி வைக்க அவகாசம் கிடைக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரம் தண்ணீரில் நின்றது.

தண்ணீர் புகுந்த கம்ப்யூட்டரை “ஓடுதான்னு பார்ப்போம்” என்று போடவே கூடாது. கொல்வது தண்ணீரைவிட அந்த ஒரு அழுத்தல்தான். மதர்போர்டில் உள்ள காசு அளவு பேட்டரியை முதலில் எடுத்துவிடுங்கள். அதன் 3 வோல்ட் ஈரத்தில் செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் காற்றுக்கென்று ஒரு சிறு துளை உண்டு, அதன் வழியே சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். குழந்தையின் போட்டோக்கள் அதில் மட்டும்தான் இருக்கிறதென்றால் வீட்டில் தொடாமல் டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள். அரிசி மூட்டையில் புதைப்பதால் அரிசிதான் வீணாகும்.

உதிரி பாகம் வாங்க ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸையும், வினாடி குறித்த சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.