எளிய மாணவனும் காமிராவின் கண்ணும்

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பர். பிலிம் காமிராவிற் படமெடுக்கப் பழகும் மாணவர்க்கு இப்பழமொழி முற்றும் பொருந்தும். காமிராவுக்குக் கண்ணாக விளங்குவது லென்ஸ். குறைந்த பொருளில் அதனைத் தேர்ந்துகொள்ளும் முறையைச் சிறிது ஆராய்வோம்.

முதலாவது, குவியத் தூரம். 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பிலிம் சட்டத்திற்கு 50 மில்லிமீட்டர் லென்ஸே இயல்பானது. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் ஏறக்குறைய 216 அடி உயரமுடையது. காமிராவை நெட்டாகப் பிடித்துச் சற்றே அண்ணாந்து நோக்கின், இந்த லென்ஸில் அது முழுதும் அடங்கச் சுமார் 300 அடி விலகி நிற்றல் வேண்டும். 28 மில்லிமீட்டர் லென்ஸாயின் 170 அடியே போதும். ஆனால் நெருங்கி நின்று மிக அண்ணாந்து எடுப்பதால் விமானம் பின்புறம் சாய்வதுபோல் தோன்றும். ஆதலின், இடமுள்ளபோது வேறொரு லென்ஸ் வாங்குவதினும் பின்னே நடத்தலே நலம்.

1858ஆம் ஆண்டில், சென்னைப் படையைச் சேர்ந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பார் இக்கோயிலின் அடித்தளக் கல்வெட்டுக்களைப் படமெடுத்தார். ஒரு படத்தில் அடங்காத அவ்வரிசையை, காமிராவை இடம்மாற்றி வைத்து 21 பகுதிகளாக எடுத்து, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தார். பொறுமையின் பயனை இதனால் அறியலாம்.

இரண்டாவது, ஒளி. திறப்பைக் குறிக்கும் எண் சிறிதாயின் புகும் ஒளி மிகும். 1.8 எண்ணுள்ள லென்ஸ், 3.5 எண்ணுள்ளதைக் காட்டிலும் ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளியை ஏற்கும். 1.4 எண்ணுள்ளது இன்னும் சிறந்ததேனும், அதற்குக் கொடுக்கும் அதிக விலை தொடக்கத்தில் வேண்டுவதன்று.

மூன்றாவது, பழைய லென்ஸைச் சோதித்தல். நாம் முன்பு மலிவை நம்பி ஒன்றை வாங்கினோம். திருவையாற்றருகே நாற்று நடவை எடுத்த படங்களெல்லாம், நீர் நிறைந்த வயலின் பளபளப்புக்கு எதிரே, பனிமூடினாற்போல் மங்கிவிட்டன. பிறகு பார்த்தால், உள்ளே சிலந்தி நூல்போலப் பூஞ்சணம்! பிலிமுக்கென்று சேர்த்த பணமும் வீணாயிற்று. ஆகையால் திறப்பை முழுதும் விரித்து, பின்புறமிருந்து கைவிளக்கைப் பாய்ச்சி நோக்குக. திறப்பின் தகடுகளில் எண்ணெய் கசிந்துள்ளதா என்றும், லென்ஸின் பூட்டு நம் காமிராவிற் பொருந்துமா என்றும் பார்த்தல் இன்றியமையாதது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் லென்ஸைத் தோலுறையில் வையாமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு இறுக மூடிய டப்பாவில் வைத்தல் வேண்டும்.

பழுதற்ற 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றே மாணவர்க்குப் போதும். எஞ்சிய பொருளைப் பிலிமுக்குச் செலவிட்டு, ஓராண்டு அதனோடு பழகுவார்களாக. இரண்டாவது லென்ஸ் வேண்டுமா என்பதை அவர்கள் எடுத்த படங்களே அப்போது சொல்லும்.