வாடகைக் கார்: எண்பலகையின் நிறம் அறிவோம்

அமீர்பேட்டில் தங்கிப் பயிலும் இளைஞர்கள் பலர், விடுமுறையில் தாமே ஓட்டும் வாடகைக் காரில் விசாகப்பட்டினக் கடற்கரைக்குச் செல்ல விரும்புவர். முன்பணம் செலுத்துமுன் எண்பலகையைக் காண்க. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருப்பின், அது ஓட்டுநரின்றி வாடகைக்கு விடுவதற்கெனப் பதிவான வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து எனில், சொந்தப் பயன்பாட்டுக்குரியது. அத்தகைய வண்டியின் காப்பீடு, வாடகைக்கு விடுவதைப் பொதுவாக விலக்கியே வைக்கிறது. விபத்து நேரின் வண்டிச் சேதத்திற்கான இழப்பீடு மறுக்கப்படலாம். அச்சுமை, ஒப்பந்தப்படி, வாடகைக்கு எடுத்தவர்மீதே விழக்கூடும். 1989-ஆம் ஆண்டின் வாடகை வண்டித் திட்டப்படி, உரிமம் பெறக் குறைந்தது 50 வண்டிகள் வேண்டும். எனவே, ஒற்றைக் காரைக் குறைந்த வாடகைக்குத் தருபவரிடம் உரிமத்தையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் கேட்டுப் பாருங்கள். வைப்புத்தொகையை ரொக்கமாகத் தராது, வங்கிக் கணக்கின் வழியே செலுத்தி இரசீது பெறுங்கள்.