கறுப்பு எண்ணெய் சொல்லும் சேதி

முன்னுரை

உடலைத் திறந்து பார்க்காமலே சில துளி இரத்தத்தைக் கொண்டு மருத்துவர் நோயை அறிகிறார். இயந்திரத்திற்கு அத்தகைய இரத்தம் அதன் மசகு எண்ணெய். நம் பேச்சுவழக்கில் ‘மின்யாக் ஈத்தாம்’. 1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் ரியோ கிராண்ட் இரயில்வே ஆய்வுக்கூடம், பழைய எண்ணெயில் கலந்திருந்த உலோகங்களை அளந்து டீசல் இயந்திரங்களின் பழுதை முன்கூட்டியே கண்டறிந்தது. மலாயாவின் முதன்மைப் பாதைகளில் டீசல் இரயில்கள் ஓடத் தொடங்கியது 1957-இல். பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளிலும் செந்தூல் பட்டறையிலும் வாழ்ந்து உழைத்த இரயில்வே குடும்பங்களுக்கு டீசல் புதிதன்று. இன்று கிள்ளான் துறைமுகத்தில் சரக்கேற்றும் லோரிகளுக்கும் இச்சோதனை பொருந்தும். ஒரே லோரியை நம்பிப் பிழைப்பவர் சோதனை முடிவைத் தவறாகப் படித்தால், நல்ல இயந்திரத்தை வீணாகப் பிரிப்பார். அல்லது கெட்ட இயந்திரத்தை ஓட்டியே அழிப்பார்.

மாதிரி எடுக்கும் முறை

மாதிரி தவறானால் முடிவும் தவறே. இயந்திரம் நன்கு சூடேறி ஓடிய பின், எண்ணெய் கலங்கியிருக்கும்போதே எடுக்க வேண்டும். அடித்திருகைக் கழற்றி எடுத்தால், முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் விடுத்து நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். அளவுக்கம்பியின் துளைவழி உறிஞ்சினால், குழாய் தொட்டியின் அடியைத் தொடக்கூடாது. அங்கே படிந்த கசடு ஏறிவிடும். ஒவ்வொரு முறையும் புதிய குழாய், உலர்ந்த தூய புட்டி, அதே இடம் என்பது விதி. ஓடிய தூரம், எண்ணெயின் வகை, இடையில் ஊற்றிய அளவு ஆகியவற்றைப் புட்டியில் எழுதுங்கள். புதிய எண்ணெய் ஊற்றியிருந்தால் உலோக அளவு குறைந்து தோன்றும்.

முடிவைப் படித்தல்

உலோக அளவு பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று தரப்படும். ஒரு லோரியின் எண்ணெயில் 10,000 கிலோமீட்டரில் இரும்பு 20. அடுத்த முறை 20,000 கிலோமீட்டர் ஓடிய எண்ணெயில் 40 என்று கொள்வோம். இருமடங்கு என்று பதற வேண்டாம். ஆயிரம் கிலோமீட்டருக்கு 2 என்ற வீதம் மாறவில்லை. மூன்றாம் முறை 10,000 கிலோமீட்டரிலேயே இரும்பு 45 ஆகி, சிலிக்கானும் அலுமினியமும் உடன் உயர்ந்தால், மண்தூசி நுழைகிறது என்று ஐயுறலாம். முதலில் காற்று வடிகட்டியையும் அதன் குழாயையும் பாருங்கள். சிலிக்கான் மட்டும் உயர்ந்தால், புதிதாகப் பூசிய கேஸ்கெட் பசையும் காரணமாகலாம்.

சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து திடீரென ஏறினால், கூலன்ட் கசிவைச் சோதிக்க வேண்டும். இதில் தாமதம் ஆகாது. எண்ணெய் நீர்த்துப்போனால் டீசல் கலந்திருக்கலாம்; தடித்துப்போனால் புகைக்கரி மிகுந்திருக்கலாம்.

நிறைவாக

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. வழக்கமான உலோக அளவீடு மிக நுண்ணிய துகள்களையே நன்கு காணும். பேரிங்கிலிருந்து உதிரும் பெரிய செதில்கள் அதற்குத் தப்பிவிடும். ஆதலால் பழைய வடிகட்டியை வெட்டிப் பார்ப்பதும் கடமையாகும். ஒரு தாளை வைத்துத் தீர்ப்பெழுதாமல், மூன்று நான்கு தாள்களை வரிசையாக அடுக்கி ஒப்பிடுங்கள். அவ்வரிசையே இயந்திரத்தின் நாடி.