இரவில் தோட்டத்துக்கு வருவது யார்? ட்ரெய்ல் கேமராவும் உங்கள் கம்ப்யூட்டரும்

காட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். இரவில் வந்து பயிரை அழித்தது எது? பறித்துப் போட்ட கடலைச் செடியைக் காலையில் பார்த்தவுடன் எல்லோரும் "பன்றி" என்று சொல்லிவிடுவார்கள். பன்றியாக இருக்கலாம். முள்ளம்பன்றியாக இருக்கலாம். விடிந்த பிறகு வந்த மயிலாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய பாதுகாப்பு வேறு. இதைத் தெரிந்துகொள்ள டார்ச் லைட்டுடன் இருட்டில் காவல் இருப்பது ஆபத்து. அந்த வேலையை ஒரு கேமராவிடம் ஒப்படைத்துவிட்டு, அது எடுத்த போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஆராய்வது எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். என் சித்தப்பாவின் தோட்டம் சத்தியமங்கலம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது. கடலையும் மரவள்ளியும் போட்டிருக்கிறார். அங்கே இரண்டு கேமராக்களை ஆறு வாரம் வைத்துப் பார்த்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ட்ரெய்ல் கேமரா என்றால் என்ன?

விலங்கு நடந்து வந்தால் தானே போட்டோ எடுக்கும் கேமரா இது. யோசனை புதியதல்ல. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் என்பவர் இரவில் எடுத்த விலங்குப் படங்களை நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகை 1906ல் வெளியிட்டது. பாதையின் குறுக்கே கம்பி கட்டி, விலங்கின் கால் பட்டதும் படம் எடுக்கும் முறையையும் அவர் பயன்படுத்தினார். இந்தியாவில் 1920களில் வனத்துறை அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன் இதே முறையில் புலிகளைப் படம் பிடித்தார். நம் நாட்டின் 2018ஆம் ஆண்டு புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கி கேமராக்கள் வைக்கப்பட்டன. அது கின்னஸ் சாதனையாகப் பதிவாகியுள்ளது.

இன்று கம்பிக்குப் பதிலாக பி.ஐ.ஆர். சென்சார் இருக்கிறது. விலங்குகளின் உடலிலிருந்து வெப்பக் கதிர்கள் வெளிப்படுகின்றன. சுற்றுப்புறத்தைவிட வேறான வெப்பம் கொண்ட ஒன்று நகர்ந்தால் சென்சார் அதை உணர்ந்து கேமராவை எழுப்பும். சித்திரை வெயிலில் மதிய நேரத்தில் காற்றின் வெப்பமும் உடல் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால் சென்சார் சரியாக வேலை செய்யாது. இரவில் அந்தப் பிரச்சினை இல்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. மெகாபிக்ஸலைப் பார்த்து ஏமாறாதீர்கள். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண் பெரும்பாலும் சாப்ட்வேர் மூலம் பெரிதாக்கப்பட்ட அளவு. அதைவிட முக்கியம் ட்ரிக்கர் வேகம். சென்சார் உணர்ந்ததிலிருந்து படம் எடுக்க அரை வினாடிக்கு மேல் ஆனால் வால் மட்டும்தான் கிடைக்கும்.

2. இரவு வெளிச்சத்துக்கு இன்ப்ராரெட் எல்.ஈ.டி. இருக்கும். 850 நானோமீட்டர் வகையில் வெளிச்சம் அதிக தூரம் போகும். ஆனால் மங்கிய சிவப்பு ஒளி தெரியும். 940 நானோமீட்டர் வகையில் ஒளி கண்ணுக்குத் தெரியாது; தூரம் குறையும். திருட்டுப் பயம் இருந்தால் இரண்டாவது வகையே நல்லது.

3. ரீசார்ஜபிள் பேட்டரி போடுவதாக இருந்தால் முதலில் மேனுவலைப் படியுங்கள். சாதாரண ஏஏ செல் 1.5 வோல்ட், ரீசார்ஜபிள் 1.2 வோல்ட். சில கேமராக்கள் இந்தக் குறைந்த வோல்டேஜில் இரவில் நின்றுவிடும்.

செட்டிங்ஸ்

மெமரி கார்டைக் கேமராவிலேயே பார்மட் செய்யுங்கள். பிறகு தேதியையும் நேரத்தையும் 24 மணி நேர முறையில் சரியாக அமையுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. நேரம் தவறாக இருந்தால் அந்தப் படத்தால் பயன் பாதிதான். பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டோ மோடில், ஒரு ட்ரிக்கருக்கு மூன்று படங்கள், இடைவெளி 30 வினாடி என்று வைத்தால் போதும். வீடியோ வைத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும்.

எங்கே கட்டுவது?

வேலியில் உள்ள சந்து, வரப்பு, தண்ணீர்த் தொட்டி, காலடித்தடம் தெரியும் ஒற்றையடிப் பாதை ஆகியவை நல்ல இடங்கள். பாதையிலிருந்து 3 முதல் 5 மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்தில் கட்டுங்கள். விலங்கு கேமராவை நோக்கி வருவதைவிடக் குறுக்கே கடந்தால் சென்சார் நன்றாக உணரும். லென்ஸ் வடக்கு அல்லது தெற்கு பார்த்து இருக்கட்டும். காலை, மாலை வெயில் நேராக விழாது. எதிரே உள்ள புல்லையும் தாழ்ந்த கிளைகளையும் வெட்டிவிடுங்கள். வெயிலில் சூடான இலை காற்றில் ஆடினாலும் கேமரா படம் எடுத்துத் தள்ளும்.

படம் வர வேண்டும் என்பதற்காகத் தீனி வைக்காதீர்கள். வராத விலங்கையும் அது பழக்கிவிடும். உங்கள் சொந்த நிலத்துக்குள் மட்டும் வையுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவதே குற்றம். அந்த வழியாக நடக்கும் அக்கம்பக்கத்தாரிடம் கேமரா இருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் பிரிப்பது

ஒரு வாரம் கழித்துக் கார்டை எடுத்தால் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கும். பெரும்பாலானவை வெறும் புல். முதலில் ஒவ்வொரு கேமராவுக்கும் தனி போல்டர் உருவாக்கிக் காப்பி செய்யுங்கள். கார்டில் உள்ள ஒரிஜினலை உடனே அழிக்க வேண்டாம்.

விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவில் டீடெய்ல்ஸ் தேர்வு செய்யுங்கள். மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'டேட் டேக்கன்' என்பதை டிக் செய்தால் ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட நேரம் தெரியும்.

வெறும் படங்களை ஒதுக்க மெகாடிடெக்டர் என்ற இலவச ஏ.ஐ. மாடல் இருக்கிறது. படத்தில் விலங்கு, மனிதர், வாகனம் இருக்கிறதா அல்லது ஒன்றுமில்லையா என்று பிரித்துக் கொடுக்கும். கமாண்ட் டைப் செய்யத் தெரியாதவர்கள் அடாக்ஸ்ஏஐ என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். உள்ளே இதே மாடல் வேலை செய்கிறது. கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரிலும் ஓடும், மெதுவாக. இரவு படுக்கும்போது ஓட விட்டால் காலையில் முடிந்திருக்கும். மெகாடிடெக்டர் எந்த விலங்கு என்று சொல்லாது. அதை நீங்கள்தான் பார்த்து எழுத வேண்டும்.

எக்ஸெல் சொன்ன செய்தி

எக்ஸெலில் தேதி, நேரம், இடம், விலங்கு என்று நான்கு காலம் போடுங்கள். ஒரே இடத்தில் 30 நிமிடத்துக்குள் வந்த ஒரே வகை விலங்கின் படங்களை ஒரு வருகையாக எண்ணுங்கள். இல்லாவிட்டால் நின்று மேய்ந்த ஒரு பன்றி இருபது பன்றியாகிவிடும். ஐந்தாவது காலத்தில் ஹவர் பங்ஷன் மூலம் மணியை மட்டும் பிரித்து எடுங்கள். பிறகு இன்சர்ட் மெனுவில் பிவட்டேபிள் கிளிக் செய்து, ரோ பகுதியில் மணியையும் காலம் பகுதியில் விலங்கையும், வேல்யூஸ் பகுதியில் மீண்டும் விலங்கையும் இழுத்து விடுங்கள். எந்த விலங்கு எத்தனை மணிக்கு எத்தனை முறை வந்தது என்ற அட்டவணை வந்துவிடும்.

எங்கள் அட்டவணை இப்படி இருந்தது. மரவள்ளியைத் தோண்டியது முள்ளம்பன்றி. இரவு 11 முதல் 2 மணிக்குள், வேலியின் அடியில் இருந்த ஒரே சந்து வழியாக. கடலைக் காட்டில் காட்டுப்பன்றி ஆறு வாரத்தில் இரண்டு இரவுதான் வந்தது. மயில்கள் தினமும் காலை 6 மணிக்கு மேல் வந்தன. காட்டுப்பூனையும் மரநாயும் அவ்வப்போது கடந்து போயின. இந்த இரண்டும் எலி பிடிப்பவை, நமக்கு லாபம்தான்.

அட்டவணையில் ஒரு வரி மட்டும் எங்களைத் திடுக்கிட வைத்தது. மோட்டார் ரூமுக்குப் போகும் வண்டிப்பாதையில் மூன்று இரவுகள் யானை. மூன்றும் 3 மணிக்கும் 4:30க்கும் இடையில். மும்முனை மின்சாரம் விடியற்காலையில் வரும் வாரங்களில் சித்தப்பா மோட்டார் போட நடந்து போகும் நேரமும் அதுதான். படத்தைப் பெரிதாக்கிக் காட்டியதும் அவர், "ஏப்பா, இது நான் போற தடமாச்சே" என்றார்.

அந்த வாரமே மொபைல் மூலம் மோட்டாரை இயக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வாங்கிப் பொருத்தினோம். இப்போது அவர் கட்டிலில் இருந்தபடியே மோட்டார் போடுகிறார். முள்ளம்பன்றி வந்த சந்தில் கம்பி வலையை மண்ணுக்குள் ஓரடி இறக்கிப் புதைத்தோம். பன்றிக்காக வேலியில் கரண்ட் விடலாம் என்று சிலர் சொன்ன யோசனையும் அத்தோடு நின்றது. வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது குற்றம் என்பது ஒருபுறம். அந்த வேலியைத் தொடப் போவது எது, யார் என்பதையும் படங்கள் காட்டிவிட்டன.

பகிர்வதற்கு முன்

யானை, சிறுத்தை போன்றவை பதிவானால் படத்தைத் தேதி, நேரத்துடன் அருகில் உள்ள வனச்சரக அலுவலகத்தில் காட்டுங்கள். மற்றவர்களுக்கு அனுப்பும்போது, குறிப்பாக எறும்புத்தின்னி போல வேட்டைக்காரர்கள் தேடும் விலங்கு என்றால், இடத்தின் பெயரை எழுதாதீர்கள். மொபைலில் எடுத்த படமாக இருந்தால் அதனுள் ஜி.பி.எஸ். விவரம் இருக்கலாம். பைலின் மீது ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் போனால் கீழே தனிப்பட்ட விவரங்களை நீக்கும் வசதி இருக்கும். அதைப் பயன்படுத்தி நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

ஒரே ஒரு கேமரா வாங்க முடிந்தால், அதை முதலில் பயிரின் பக்கம் வைக்காதீர்கள். உங்கள் வீட்டு ஆட்கள் இருட்டில் நடக்கும் பாதையில் இரண்டு வாரம் வையுங்கள். பயிரை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.