பாடி சின்னது, லென்ஸ் எவ்வளவு?

மிர்ரர்லெஸ் கேமரா வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறும் பாடியைத்தான் கையில் வாங்கிப் பார்க்கிறார்கள். அது உள்ளங்கையில் அடங்கியதும் மனசு பாதி சாய்ந்துவிடும். அவசரப்படாதீர்கள். நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகிற லென்ஸை மாட்டித் தரச் சொல்லுங்கள். கழுத்தில் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே கொஞ்ச நேரம் நடந்து பாருங்கள்.

டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே கண்ணாடி எழுந்து படுக்க இடம் வேண்டும். நிக்கானின் எஃப் மவுண்ட்டில் அந்த இடைவெளி 46.5 மி.மீ., கேனான் இஎஃப்பில் 44. கண்ணாடியை எடுத்த பிறகு சோனி இ மவுண்ட்டில் அது 18 மி.மீ. ஆனது, நிக்கான் இசட்டில் 16. 2008இல் பானசோனிக் ஜி1 தொடங்கி வைத்த இந்த வகையில் பாடி மெலிந்தது இப்படித்தான். லென்ஸின் பருமன் வேறு கணக்கு. சென்சார் எவ்வளவு பெரியது, அபெர்ச்சர் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது அது. வைட் லென்ஸ்களில் ஓரளவு மிச்சமாகும். டெலி லென்ஸ்களில் கண்ணாடி போனதால் பெரிய லாபம் எதுவும் இல்லை.

ஃபுல் ஃபிரேம் சென்சார் உள்ள சோனி ஏ7 III பாடி 650 கிராம். அதன் முதல் தலைமுறை 24-70 எஃப்/2.8 ஜிஎம் லென்ஸ் 886 கிராம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றரைக் கிலோ! அதே சோனியின், அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள ஏ6400 பாடி 403 கிராம், கிட் லென்ஸ் 116 கிராம்தான். சென்சாரை இன்னும் சிறிதாக்கினால் நல்ல லென்ஸே எடை குறைந்து கிடைக்கும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கான ஒலிம்பஸ் 45 மி.மீ. எஃப்/1.8 போர்ட்ரெய்ட் லென்ஸும் 116 கிராம்தான். ஆனால் அந்தச் சென்சாரின் பரப்பு ஃபுல் ஃபிரேமில் கால் பங்கு. மங்கிய வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை ஏற்றினால் புள்ளி சீக்கிரம் தட்டும், பின்னணியும் அந்த அளவுக்குக் கரையாது. பயணம், குடும்பம், கொஞ்சம் வீடியோ என்று கலந்து எடுப்பவருக்கு நான் சொல்வது நடுவில் உள்ள ஏபிஎஸ்-சி. அதோடு சின்ன பிரைம் லென்ஸ் ஒன்று.

எடையைவிடப் பெரிய நன்மை வியூஃபைண்டரில் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கும் பெண்ணை எடுக்கிறீர்கள்; முகம் இருண்டு தெரிகிறது. எக்ஸ்போஷர் டயலை இரண்டு கிளிக் திருப்புங்கள். முகம் வெளுப்பதும் ஜன்னல் வெடித்து வெள்ளையாவதும் அங்கேயே தெரியும். எடுத்துப் பார்த்து, அழித்து, மறுபடி எடுக்கும் வேலை மிச்சம். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸும் இப்போது விலை குறைந்த மாடல்களிலேயே நன்றாக வேலை செய்கிறது. ஓடியாடும் குழந்தைகளைப் படம் எடுப்பவருக்கு இந்த ஒன்று போதும். ஆனால் சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 போன்ற சிலவற்றில் வியூஃபைண்டரே கிடையாது. உச்சி வெயிலில் திரையைப் பார்த்து எடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு எடுப்பது மாதிரி. வெளியில் போட்டோ எடுப்பதுதான் முக்கிய வேலை என்றால் அவற்றைத் தவிருங்கள்.

பேட்டரி இந்த வகையின் பழைய வியாதி. சென்சாரும் திரையும் ஓயாமல் ஓடுகின்றன. நிக்கான் டி7500 டிஎஸ்எல்ஆருக்கு ஒரு சார்ஜில் 950 படம் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஏ6400க்கு 400 சொச்சம், வியூஃபைண்டர் வழியே பார்த்தால் அதற்கும் கீழே. நடைமுறையில் கூடுதலாகவே வரும் என்றாலும் பட்ஜெட்டில் இன்னொரு பேட்டரிக்கும் பணம் ஒதுக்குங்கள்.

அடுத்தது தூசி. டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றினால் கண்ணாடியும் ஷட்டரும் மறைத்து நிற்கும். இங்கே பல மாடல்களில் சென்சார் நேரே வெளியில் தெரியும். ஆஃப் செய்துவிட்டு, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து லென்ஸை மாற்றுங்கள். சந்தேகம் வந்தால் எஃப்/16இல் வெறும் வானத்தை எடுத்துப் பாருங்கள். தூசி சாம்பல் நிறப் பொட்டாகத் தெரியும். அதற்கு பிளோயர் போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் செலவுதான்.

சைலன்ட் ஷட்டரை நம்பி எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள். சென்சாரை வரி வரியாகப் படிப்பதால் கடந்து போகும் பஸ் சாய்ந்து விழும், சில எல்இடி விளக்குகளின் கீழே படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள்.

வீட்டில் பழைய லென்ஸ் இருப்பவர்கள் அடாப்டரை வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். கேனான் இஎஃப் லென்ஸ் என்றால் சரி, ஆர் வரிசைப் பாடியில் ஆட்டோஃபோகஸோடு ஓடும். பலரிடமும் இருக்கும் நிக்கான் 50 மி.மீ. எஃப்/1.8 டி விஷயம் வேறு. அதற்குள் மோட்டார் இல்லை, எஃப்டிஇசட் அடாப்டரிலும் இல்லை. கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அது மாட்டும், ஆனால் பிடிக்காது என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்டில் கேனான் எம்50 மலிவாகக் கிடைக்கிறது. படத்தில் குறை சொல்ல முடியாது. அந்த எம் வரிசையை கேனான் நிறுத்திவிட்டது, அதன் லென்ஸ்கள் புதிய ஆர் பாடிகளில் மாட்டாது. வேண்டிய லென்ஸும் கூடவே கிடைத்தால், இதோடு போதும் என்ற எண்ணம் இருந்தால், தாராளமாக வாங்கலாம். பிறகு பாடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற திட்டம் இருந்தால் வேண்டாம்.