மனித உருவிற் பவளப்பாறை

கலைக்கூடம் எனில் படைப்பைச் சிதையாமற் காத்தலே மரபு. மெக்சிகோவின் கான்கூன் கடலடியில் 2010இல் திறக்கப்பெற்ற சிற்பக்கூடம் இம்மரபினின்றும் வேறானது. அங்குப் பிரித்தானியச் சிற்பி ஜேசன் டிகெய்ர்ஸ் டெய்லர் அமைத்த ‘மௌனப் பரிணாமம்’ என்னும் தொகுதியில் 400க்கும் மேற்பட்ட ஆளுயர உருவங்கள் நிற்கின்றன. உயிருள்ள மாந்தரை அச்செடுத்து, கடலுயிர்க்கு ஊறு செய்யாச் சிமெண்டில் வார்த்தவை அவை. பவள இளவுயிர்கள் பற்றி வளர்வதும், மூழ்கிக் காண்போர் கூட்டத்தை நலிந்த இயற்கைப் பாறைகளினின்று விலக்குவதும் இவற்றின் நோக்கம். ஆயின் கடல்நீரின் வெப்பம் மிகுந்தாற் பவளம் வெளிறும். கரீபியக் கடற்பகுதியில் 2023இல் அது பேரளவில் நேர்ந்தது. அவ்வெப்பத்தைத் தணிக்கும் ஆற்றல் சிலைக்கு இல்லை. இதனைச் சிற்பியின் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. உயிர்க்கு இடமளித்தலே அவர் மேற்கொண்ட பணி. பாசியும் கடற்பஞ்சும் படர்ந்து, அம்முகங்களிற் பல இன்னார் முகமென அறியவொண்ணாதவாறு மாறியுள்ளன.