சில்லுகளை நேசிக்கும் தம்பிக்கு



நீ வடிவமைக்கும் கணினிப் பலகையின் வரைபடம் கிடைத்தது. படத்தையும் ஒலியையும் தனிச் சில்லுகளே கவனித்துக்கொள்கின்றன. மையச் செயலிக்குச் சுமையில்லை. அழகான வேலை. அமிகா என்ற கணினியும் இதே வழியில் அமைந்ததுதான். அதனால்தான் அதன் கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

1985 ஜூலையில் கமடோர் நிறுவனம் நியூயார்க்கில் அதை அறிமுகப்படுத்தியபோது, ஓவியர் ஆன்டி வார்ஹோல் மேடையிலேயே அதில் பாடகி டெபி ஹாரியின் முகத்துக்கு வண்ணம் தீட்டினார். 4096 வண்ணங்கள், ஸ்டீரியோ ஒலி, ஒரே நேரத்தில் பல நிரல்களை ஓட்டும் இயங்குதளம். அன்றைய ஐபிஎம் பிசியால் இவற்றை நெருங்கவே முடியாது. ஆனாலும் 1994 ஏப்ரலில் கமடோர் கடையைக் கட்டியது. நிர்வாகக் குளறுபடியைப் பலர் காரணமாகச் சொல்வார்கள், அது பொய்யில்லை. ஆனால் வேர் வடிவமைப்பிலேயே இருந்தது என்பது என் எண்ணம்.

அமிகாவின் கடிகாரத் துடிப்பே தொலைக்காட்சி சிக்னலை ஒட்டி அமைந்தது. வீடியோவின் மேல் எழுத்தும் படமும் ஏற்றுவதற்கு அன்று அதைவிட மலிவான கருவி கிடைப்பது அரிதாக இருந்தது. 1990இல் அமிகாவில் பொருத்தும் வீடியோ டோஸ்டர் அட்டை வந்ததும் சிறிய ஸ்டுடியோக்கள் அதை விரும்பி வாங்கின. ‘பாபிலோன் 5’ தொலைக்காட்சித் தொடரின் முதல் படத்து விண்கலங்கள் அமிகாவில் பிறந்தவை. தொலைக்காட்சியை ஒட்டி அமைந்த அதே திரையில் 400 வரிகளை வைத்து அலுவலகக் கணக்குப் பார்த்தவருக்கோ எழுத்து துடித்துக் கண் வலித்தது.

அமிகாவுக்கு விளையாட்டு எழுதியவர்கள் வேகத்துக்காக இயங்குதளத்தை ஒதுக்கிவிட்டுச் சில்லுகளை நேரடியாக இயக்கினார்கள். சில்லை மாற்றினால் பழைய விளையாட்டுகள் பல ஓடாது. அமிகாவின் வரைகலையில் பெரிய முன்னேற்றம் 1992இல்தான் வந்தது. பிசியிலோ வரைகலை அட்டையைத் தனியே கழற்றி மாற்றலாம். அதைச் செய்துவிற்கப் பல நிறுவனங்கள் போட்டியிட்டன. ஐபிஎம் தயங்கியபோதும் 1986இல் காம்பேக் நிறுவனம் 386 செயலி கொண்ட கணினியைக் கொண்டுவந்துவிட்டது. 1993இல் ‘டூம்’ விளையாட்டு வந்தபோது பிசி தயாராக இருந்தது. ஒரு புள்ளியின் நிறத்தைப் பல அடுக்குகளில் பிரித்துவைக்கும் அமிகாவுக்கு அந்த வகை விளையாட்டு பெரும்பாடு.

உன் சில்லுகளைக் கைவிடாதே, தம்பி. வீடியோக்காரர்கள்போல ஒரு கூட்டம் உன்னை நம்பி வாழ்ந்தால் அது சிறிய வெற்றியல்ல. ஆனால் அந்தக் கூட்டம் யார் என்பதை இப்போதே முடிவுசெய். சில்லுக்கும் நிரலுக்கும் நடுவே ஒரு மெல்லிய மென்பொருள் அடுக்கை வை. அதன் விவரத்தை எல்லோருக்கும் திறந்துவிடு. பிறரும் உன் பலகைக்கு அட்டை செய்து பிழைக்கட்டும். அடுத்த வரைபடத்தில் அந்த அடுக்கைத்தான் முதலில் தேடுவேன்.

அன்புடன்,
அண்ணன்